ஒரு சாண் நாடா, ஐந்து நொடி: பழைய டேப் ரெக்கார்டரில் லூப் செய்ய அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடக்கும் டேப் ரெக்கார்டரை இறக்கி, கேசட் நாடாவை வெட்டி வளையமாக ஒட்டி, ஒரே சத்தத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு இசை செய்வதைப் பற்றி நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். நான் முறையாகப் படித்த எலெக்ட்ரானிக்ஸ் கொஞ்சம்தான். மீதியெல்லாம் மதுரையில் ஒரு ரேடியோ மெக்கானிக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தது, அப்புறம் வீட்டில் பிரித்தும் மாட்டியும் கற்றுக்கொண்டது.

லூப் என்றால் என்ன? கீறல் விழுந்த ரெக்கார்டும் இதுவும் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்றுதான். சொன்னதையே சொல்பவரைக் கீறல் விழுந்த ரெக்கார்டு என்கிறோம் இல்லையா, இந்தக் கலையின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. 1948-இல் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியேர் ஷாஃபேர், இசைத்தட்டின் பள்ளத்தை வட்டமாக மூடி, ஊசி அதே சுற்றில் மாட்டிக்கொள்ளும்படி செய்தார். ரயில் சத்தத்தின் ஒரு துண்டு நின்று நிதானமாகத் திரும்பத் திரும்ப வந்தபோது, அது ரயிலாக இல்லாமல் தாளமாகக் கேட்டது. பிறகு காந்த நாடா வந்தது. நாடாவை வெட்டித் தலையையும் வாலையும் சேர்த்து ஒட்டினால் அதே வேலை முடிந்துவிடும்.

கம்ப்யூட்டரில் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாமே. எதற்கு இவ்வளவு பாடு?

செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் நாடாவில் நேரத்தைக் கையில் பிடிக்க முடிகிறது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஐந்து நொடிக்குச் சுமார் 24 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். பத்து நொடி வேண்டுமென்றால் ஒரு முழம். பூக்காரம்மா முழம் போடுகிற மாதிரியே நாடாவை அளந்து நறுக்கலாம். பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும் சி-60 கேசட்டில் 85 மீட்டருக்கு மேல் நாடா இருக்கிறது. ஒரே கேசட்டில் முந்நூறு லூப்புக்கு மேல் எடுக்கலாம்.

இன்னொன்று, இந்த லூப் நகல் எடுத்த மாதிரி ஒரே சீராக வராது. மோட்டார் ஒரு துளி தயங்கும், ஒட்டுப் போட்ட இடம், நாடாவைத் தொட்டுச் சத்தத்தைப் படிக்கும் ஹெட்டைத் தாண்டும்போது சத்தம் லேசாக மங்கும், அரை மணி நேரம் ஓடியபின் மோட்டாரிலிருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் சூடேறிச் சுருதி ஒரு மயிரிழை இறங்கும். காது இதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அலுக்காமல் கேட்க முடிகிறது என்பது என் அனுபவம்.

எந்த மாதிரி ரெக்கார்டர் வாங்குவது?

பேட்டரியில் ஓடும், ஒரே ஸ்பீக்கர் உள்ள, முன்பக்கம் பியானோ கட்டைகள் போலப் பட்டன்கள் வரிசையாக இருக்கும் சாதாரண மோனோ ரெக்கார்டர். அமுக்கினால் 'டக்' என்று உள்ளே இறங்குகிற பட்டன் வேண்டும். விரல் பட்டாலே இயங்கும் மென்மையான பட்டன் உள்ள பெரிய டெக்குகளில் தானாக நிறுத்தும் ஏற்பாடு உண்டு. சக்கரம் சுற்றவில்லை என்று அதற்குச் சந்தேகம் வந்தால் நின்றுவிடும், லூப்புக்கு அது பெரிய தொல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தோளில் தூக்கி வந்த டூ-இன்-ஒன் செட்டுகளும் நல்லவைதான். ரேடியோ போர்டும் கூடவே இருப்பதால் உள்ளே இடம் குறைவு, அவ்வளவுதான். வாக்மேனை முதல் தடவையே தொட வேண்டாம். பாகங்கள் மிகச் சிறியவை, பெரும்பாலானவற்றில் ரெக்கார்டிங்கும் கிடையாது.

வாங்கும்போது பிளே, ரெக்கார்ட் இரண்டையும் அமுக்கிப் பாருங்கள். மோட்டார் சத்தம் மட்டும் வந்து சக்கரம் சுற்றவில்லை என்றால் பயப்படாதீர்கள், பெல்ட் போயிருக்கும். மோட்டாரே ஓடவில்லை என்றால் விலை பேசுங்கள்.

ஷாக் அடிக்குமா?

பேட்டரி மட்டும் போட்டு வேலை செய்தால் அடிக்காது. கரண்டில் ஓடும் செட்டுகளுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் 230 வோல்ட் வருகிறது. பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்கவே கூடாது. கேசட் இல்லாமல் பெரிய சக்கரங்களில் நாடா ஓடும், வால்வு போட்ட பழைய ஸ்பூல் ரெக்கார்டர் கிடைத்தால், அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அது தெரிந்தவர் கூட இருக்கும்போது மட்டும் திறக்க வேண்டிய பெட்டி. புதிதாகத் தொடங்குபவர்கள் பேட்டரி செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேசட்டில் லூப் எப்படிச் செய்வது? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்.

ஐந்து ஸ்க்ரூ போட்டு மூடிய கேசட் வேண்டும். ஒட்டி மூடியதைப் பிளந்தால் திரும்பச் சேராது. சி-60 நல்லது. அதன் நாடா தடிமன் 16 முதல் 18 மைக்ரான் வரை இருக்கும். சி-90 நாடா சுமார் 12 மைக்ரான்தான், கையில் சுருண்டுகொள்ளும். சி-120 பக்கமே போகாதீர்கள்.

கேசட்டை மேசையில் வைத்து, நாடா தெரியும் வாய்ப்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கும்படி வைத்துத் திறங்கள். உள்ளே இருப்பதை முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரங்கள், முன் மூலைகளில் இரண்டு சிறு உருளைகள், நடுவில் செம்புத் தகட்டில் ஒட்டிய ஒரு பஞ்சு மெத்தை, மேலும் கீழும் வழுவழுப்பான இரண்டு தாள்கள். அந்தத் தாள்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அவை இல்லாவிட்டால் நாடா உரசிக் கீச்சிடும். மெத்தைதான் நாடாவை ஹெட்டோடு அழுத்தி வைக்கிறது. அது விழுந்துவிட்டால் சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

இப்போது பழைய நாடாவை எடுத்துவிட்டு, ஒரு தையல் நூலை லூப் போக வேண்டிய வழியில் சுற்றிப் பாருங்கள்: இடது உருளை, முன்பக்கம் முழுக்க, வலது உருளை, அங்கிருந்து மேலே ஏறி வலது சக்கரத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றி, இடது சக்கரத்தின் மேலாக வந்து மறுபடி இடது உருளை. இரண்டு சக்கரத்துக்கும் பெல்ட் மாட்டிய மாதிரி இருக்கும். அந்த நூலின் நீளம்தான் உங்கள் லூப்பின் நீளம். கேசட்டுக்குக் கேசட் கொஞ்சம் மாறும், அதனால் என் அளவை நம்பாமல் நூலை நம்புங்கள். நூலைவிட இரண்டு மில்லிமீட்டர் தளர்வாக நாடாவை வெட்டுங்கள்.

வெட்டும்போது இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 45 டிகிரி சாய்வில் ஒரே வெட்டாக வெட்டினால் இரண்டும் சரியாகப் பொருந்தும். காந்தம் ஏறிய கத்தரியால் வெட்டினால் அந்த இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். குண்டூசியைக் கத்தரி நுனியில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் வேறு கத்தரி எடுங்கள்.

ஒட்டும் டேப்பை எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நாடாவில், கேசட்டின் வாய்வழியே வெளியே பார்த்து இருந்த பக்கம்தான் பதிவாகும் பக்கம், அதுதான் ஹெட்டைத் தொடும். ஒட்டு அதன் முதுகில் வர வேண்டும். அதாவது லூப்பின் உள்பக்கம். நடுவில் முறுக்கு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்குச் சாதாரண செல்லோ டேப் போதுமா?

ஒரு நாள் சோதனைக்குப் போதும். பிறகு அதன் பசை ஓரத்தில் கசிந்து ஹெட்டிலும், ரெக்கார்டரில் நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையிலும் ஏறும். நாடா ஒட்டுவதற்கென்றே பசை கசியாத ஸ்ப்ளைசிங் டேப் இருக்கிறது, கேசட்டுக்கான 3.81 மில்லிமீட்டர் அகலத்திலேயே வருகிறது. ஒரு சுருள் பல வருடம் வரும். செல்லோ டேப்தான் கையில் இருக்கிறது என்றால், நாடாவைவிட ஒரு துளி குறுகலாக நறுக்கி ஒட்டி, வேலை முடிந்ததும் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

லூப் போட்டேன். ஒன்று நிற்கிறது, இல்லாவிட்டால் நாடாவைத் தின்கிறது.

நின்று நின்று ஓடினால் லூப் இறுக்கம். முனகலோடு சுருதி இறங்கினாலும் அதேதான். நாடா வெளியே வந்து ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டால் லூப் தளர்வு, அல்லது உருளையில் அழுக்கு. மூன்றாவது காரணம் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்குவது. கேசட் ஓடு உள்வாங்கித் தாள்கள் நாடாவை அழுத்தும். அரைத் திருகு தளர்த்திப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

வேகத்தை என் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க என்ன செய்ய வேண்டும்?

இதுதான் பழைய ரெக்கார்டரை ஒரு வாத்தியமாக மாற்றுகிற வேலை. முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன்: பேட்டரி வோல்ட்டைக் குறைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. கேசட் மோட்டாருக்குள்ளேயே வேகத்தைச் சீராக வைத்திருக்கும் ஒரு சிறு சர்க்யூட் இருக்கிறது. வோல்ட் இறங்கினாலும் அது ஈடுகட்டிவிடும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் திடீரென்று சோர்ந்து விழும். நமக்கு வேண்டியது அந்தச் சர்க்யூட்டையே திருப்பிவிடுவது.

மோட்டாரின் பின்பக்கம் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ ஒரு சின்னத் துளை இருக்கும், சில சமயம் ரப்பர் மூடியோ ஸ்டிக்கரோ மறைத்திருக்கும். அதற்குள் பிரிசெட், அதாவது ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி மதிப்பை மாற்றும் ஒரு சின்ன மின்தடை இருக்கிறது. கடிகாரம் பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் அளவுக்குச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை நேராக உள்ளே விட்டு, ஓடும்போதே மெதுவாகத் திருப்பினால் வேகம் மாறும். எதையும் பற்றவைக்காமலே இதைச் செய்யலாம். எந்த நிலையில் இருந்தது என்று முன்கூட்டியே மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு கேட்க நினைக்கும்போது பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்த படி, அந்தப் பிரிசெட்டை எடுத்துவிட்டு வெளியே ஒரு வால்யூம் கன்ட்ரோலை மாட்டுவது. மோட்டாரின் பின்மூடியைப் பக்குவமாக நெம்பித் திறந்து, பிரிசெட்டை ஈயம் உருக்கி எடுத்து, மல்டிமீட்டரில் அதன் மதிப்பைப் பாருங்கள். அதே மதிப்போ இரண்டு மடங்கோ உள்ள வால்யூம் கன்ட்ரோல் வாங்கி, மூன்று ஒயர் இழுத்து வெளியே கொண்டு வாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. மற்ற ஊர்களில் டிவி மெக்கானிக் கடையில் பழைய போர்டிலிருந்து கழற்றித் தருவார்கள். வேலை முடிந்ததும் மோட்டாரின் தகர உறையைத் திரும்ப மூடுங்கள். அதுதான் மோட்டாரின் ரீங்காரம் ஹெட்டுக்குப் போகாமல் தடுக்கிறது. நான் ஒருமுறை மூடாமல் விட்டுவிட்டு, இரண்டு நாள் ஆம்ப்ளிஃபையரில் குறை தேடினேன்.

மிகப் பழைய செட்டுகளில் துளையே இருக்காது. உள்ளே, சுழலும் விசையால் விலகி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற இயந்திர அமைப்பு இருக்கும். அதை இப்படி மாற்ற முடியாது. வேறு மோட்டார் மாட்டுவது எளிது.

எவ்வளவு திருப்பினால் எவ்வளவு சுருதி மாறும்?

வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் அரைக்கட்டை ஏறும். இரண்டு மடங்கானால் மேல் ஸ்தாயி, பாதியானால் கீழ் ஸ்தாயி. சுருதிப்பெட்டியின் ஒரே ஒரு 'ச'வைப் பதிவு செய்து, குமிழைத் திருப்பி மற்ற சுரங்களைத் தேடிப் பாருங்கள். குமிழ் நகரும்போது சுரத்திலிருந்து சுரத்துக்கு ஒரு வழுக்கல் வரும், அது கமகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்று. பாதி வேகத்தில் குக்கர் விசில் கப்பல் சங்கு போல ஆகிவிடும். வடை சட்டியின் சலசலப்பு மழையாகிவிடும்.

ஒரு சத்தத்தின் மேல் இன்னொன்றை அடுக்க முடியுமா? புதிதாகப் பதிந்தால் பழையது அழிந்துவிடுகிறதே.

முடியும். ரெக்கார்டரில் நாடா இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் சந்திப்பது அழிக்கும் ஹெட், அடுத்தது பதிவு செய்யும் ஹெட். அழிக்கும் ஹெட்டைச் செயலிழக்கச் செய்துவிட்டால் புதியது பழையதன் மேலேயே விழும்.

மலிவான செட்டுகளில் அது ஒரு சின்னக் காந்தம்தான். ரெக்கார்ட் பட்டனை அமுக்கும்போது ஒரு கையோடு சேர்ந்து முன்னே வந்து நாடாவைத் தொடும். அந்தக் கையை ஒரு கம்பியால் பின்னே கட்டி வைத்தால் வேலை முடிந்தது.

கொஞ்சம் உயர்ந்த செட்டுகளில் அது காயில், அதாவது கம்பிச் சுருள். காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் மின் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் என்ற சர்க்யூட்டிலிருந்து அதற்கு மின்சாரம் போகிறது. ஒயரை வெட்டிவிடலாம் என்று தோன்றும். வெட்டாதீர்கள். பல செட்டுகளில் அதே ஆசிலேட்டர்தான் பதிவு ஹெட்டுக்கும் பயாஸ், அதாவது பதிவு தெளிவாக விழ உதவும் மின்சாரம், கொடுக்கிறது. காயிலைப் பிரித்தால் அதுவும் தடம் மாறிப் பதிவே கரகரவென்று ஆகிவிடும். அதைவிடப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து ஒரு நறுக்கு வெட்டி, அழிக்கும் ஹெட்டின் முகத்தில் மட்டும் ஒட்டுங்கள். நாடாவுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் சிறு இடைவெளி வந்தாலே அழிக்கும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். போதவில்லை என்றால் இன்னொரு அடுக்கு. ரொம்பத் தடித்தால் நாடா பதிவு ஹெட்டையும் விட்டு விலகும், அது மட்டும் கவனம்.

இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒன்று, ஒவ்வொரு புதிய அடுக்கும் பழையதைக் கொஞ்சம் மங்கவைக்கும், அதிலும் கீச்சுக் குரல்கள் முதலில் போகும். ஐந்தாவது அடுக்கு போடும்போது முதல் அடுக்கு அடுத்த தெருவில் நடப்பது போலக் கேட்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இந்தத் தூரம்தான். எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே போக வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் வரிசையே தீர்மானித்துவிடுகிறது. இரண்டாவது, இந்த ரெக்கார்டர்களில் பதிவுக்கும் ஒலிப்புக்கும் ஒரே ஹெட். பதிவு செய்துகொண்டே பழைய அடுக்கைக் கேட்க முடியாது. ஒட்டுப் போட்ட இடத்தின் முதுகில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கேசட்டின் ஜன்னலில் அந்தக் கோடு கடப்பதைப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டு பதிவு செய்யலாம்.

பதிவில் நான் பேசாத இடத்திலெல்லாம் இரைச்சல் ஏறுகிறதே?

சத்த அளவைத் தானாகச் சரிசெய்யும் சர்க்யூட்டின் வேலை. அமைதியானால் அது மைக்கை முழுக்கத் திறந்துவிடும், ஃபேன் சத்தம் உட்பட எல்லாம் ஏறும். ஃபேனை அணையுங்கள். அல்லது ஒவ்வொரு அடுக்கிலும் சத்தம் வேண்டிய நேரத்துக்கு மட்டும், நாடாவைச் சற்று நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை விடுங்கள்.

ஒரு சாணுக்கு மேல் நீளமான லூப் வேண்டும்.

கேசட் ஓட்டின் பின்சுவரில் இரண்டு பிளவு வெட்டி, நாடாவை வெளியே கொண்டுவந்து ஒரு பென்சில் மேலோ கண்ணாடி பாட்டில் மேலோ சுற்றித் திரும்ப உள்ளே அனுப்பலாம். ரெக்கார்டரின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும். நாடா தொங்காமலும் விறைக்காமலும் இருக்கும் இடத்தைக் கையால் தேடிப் பிடிக்க வேண்டும். 1960-களில் லண்டன் ஸ்டூடியோக்களில் ஆட்கள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் நீளமான லூப்களை ஓடவிட்டார்கள்.

ஸ்பூல் ரெக்கார்டர் இரண்டு வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. ஒன்றில் பதிவு செய்து, அந்த நாடாவையே நீட்டி இரண்டாவதில் ஒலிக்க விட்டு, அந்த ஒலியைத் திரும்ப முதலாவதுக்கு அனுப்புவது. நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் இரண்டுக்கும் நடுவே 190 சென்டிமீட்டர் இருந்தால் பத்து நொடி கழித்து உங்கள் சத்தம் உங்களிடமே திரும்பி வரும், அதன் மேல் இன்னொன்றை வாசிக்கலாம். 1963-இல் பாரிஸில் அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி இதைச் செய்தார்.

இரண்டு லூப்களை ஒன்றாக ஓடவிட்டால் தாளம் சேருமா?

சேராது, அதுதான் அழகு. இரண்டு கேசட்டில் ஒரே நீளத்துக்கு வெட்ட முயன்றாலும் ஒன்று அரை சென்டிமீட்டர் கூடும். 5 நொடி லூப்பும் 5.1 நொடி லூப்பும் ஒன்றாகப் புறப்பட்டால் மறுபடி ஒன்றாக வந்து நிற்க 255 நொடி, அதாவது நாலேகால் நிமிடம் ஆகும். அதற்குள் ஒன்று மற்றொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிரிந்து, எதிரொலியாகி, கேள்வி பதிலாகி, திரும்ப நெருங்கி வரும். 1965-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், சான்பிரான்சிஸ்கோ சதுக்கத்தில் பதிவு செய்த ஒரு போதகரின் குரலை இரண்டு ரெக்கார்டரில் போட்டபோது இதைத்தான் கண்டார். ஒன்றாகச் சேர்க்கப் போனவர், பிரிவதையே இசையாக எடுத்துக்கொண்டார்.

நம் ஊர் ஆட்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. எட்டு அட்சரத் தாளத்தில் ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டு போய் நாற்பதில் சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத்துக்கு, வந்து சேர்வது மிருதங்கம் கற்பவர்களுக்கு அன்றாடப் பாடம். 5 நொடிக்கும் 8 நொடிக்கும் நாடா வெட்டி ஓடவிட்டுப் பாருங்கள். நாற்பதாவது நொடியில் உடம்பு தானாக நிமிரும்.

ஹெட்டையே வெளியே எடுத்துக் கையில் வைத்து வாசிக்கலாமா?

தாராளமாக. 1963-இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நாம் ஜூன் பைக் என்ற கலைஞர் சுவர் முழுக்க நாடாத் துண்டுகளை ஒட்டி, வந்தவர்கள் கையில் ஹெட்டைக் கொடுத்துத் தேய்த்துக் கேட்கச் சொன்னார். வீட்டில் செய்ய: பழுதான செட்டிலிருந்து ஹெட்டைக் கழற்றி, அதன் ஒயரை, மேலே உலோக வலை சுற்றிய ஷீல்டு வயரால் ஒரு அடி நீட்டுங்கள். சாதா ஒயர் என்றால் கரண்டின் 'ம்ம்ம்' சத்தம்தான் கேட்கும். ஹெட்டிலிருந்து வருவது மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, அதனால் நேராக ஸ்பீக்கரில் போட முடியாது, அதே ரெக்கார்டரின் ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் போக வேண்டும். பேசிப் பதிந்த நாடாவை இரண்டு சாண் வெட்டி, பதிவுப் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு அட்டையில் ஒட்டி, ஹெட்டால் தேய்த்துப் பாருங்கள். குழந்தைகளிடம் கொடுத்தால் திரும்ப வாங்குவது கடினம்.

வீட்டில் இருக்கும் பழைய கேசட்டுகளை வெட்டலாமா?

கடையில் வாங்கிய பாட்டு கேசட், மறுபடி எங்கும் கிடைக்கிற பாட்டு என்றால் வெட்டலாம். வீட்டாரின் குரல் இருக்கும் கேசட்டை வெட்டாதீர்கள். இதை நான் என் கையால் கெடுத்த பிறகுதான் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் இருந்த பெரியப்பாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாக அனுப்ப என்று, அப்பத்தா பேசிய கேசட் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஊர் மழை, ஆட்டுக்குட்டி, யார் வீட்டுக் கல்யாணம் எல்லாம் சொல்லிவிட்டு நடுவில், "சாப்பிட்டியா சாமி" என்று கேட்பார். அந்த ஒரு வரியை மட்டும் லூப்பாக எடுக்க ஆசைப்பட்டு, மூல நாடாவையே வெட்டினேன். லூப் நன்றாகத்தான் வந்தது. ஒரு மாதம் ஓடவிட்டபின் ஒட்டு விட்டுப்போனது. நாடாவைத் திரும்பக் கேசட்டில் சேர்க்கும்போது நைந்த முனையை ஒரு சென்டிமீட்டர் நறுக்க வேண்டி வந்தது. ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இன்று அந்தக் கேசட்டில் அப்பத்தா "சாப்பிட்டியா மி" என்கிறார். 'சா' இருந்த நாடா குப்பையோடு போய்விட்டது.

முதலில் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். அதிலிருந்து வேறொரு கேசட்டில் பதிந்து, அந்த நகலை வெட்டுங்கள். கேசட்டின் பின்பக்கம் இருக்கும் சின்னத் தடுப்பையும் மூல கேசட்டில் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது.

கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுவது?

ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் மைக் அல்லது லைன் துளைக்கு ஒயர். வால்யூமை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஏற்றும் முன் ஹெட்டைத் துடைப்பதை மறக்க வேண்டாம்.

நாடாவிலிருந்து பழுப்புத் தூள் உதிர்கிறது. பயன்படுத்தலாமா?

அந்தத் தூளில்தான் சத்தம் இருக்கிறது. உதிர உதிரப் பதிவு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2001-இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கி தன் இருபது வருடப் பழைய லூப்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் பூச்சு உதிர்ந்து இசை ஓட்டை ஓட்டையாகக் கரைவதைப் பார்த்தார். நிறுத்தாமல் முடிவு வரை பதிவு செய்தார், அதுவே அவருடைய புகழ்பெற்ற படைப்பாக ஆனது. உங்கள் நாடா உதிர்ந்தால் நீங்களும் அப்படிச் செய்யலாம், ஆனால் அது ஒரே தடவைதான் நடக்கும். பதிவுக் கருவியை ஓடவிட்ட பிறகே பிளேயை அமுக்குங்கள்.

பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய ரப்பரின் இயல்பு. கையுறை போட்டுக்கொண்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துச் சக்கரங்களை முழுக்கத் துடைத்தெடுங்கள். துணியில் பட்டால் போகாது. பழைய பெல்ட் ஓடிய வழியில் நூல் சுற்றி அளந்து, அதைவிடக் கொஞ்சம் சின்ன பெல்ட் வாங்குங்கள், மாட்டும்போது இழுவிசை வேண்டும். ரப்பர் பேண்ட் மாட்டினால் ஓடும், சுருதி அலையும். அலைவதுதான் வேண்டும் என்றால் அதுவும் ஒரு வழி.

சினிமாப் பாட்டை வெட்டி லூப் போட்டு வெளியிடலாமா?

வீட்டில் கேட்க யாரும் தடுக்க மாட்டார்கள். வெளியிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். என் யோசனை, உங்கள் தெருவைப் பதிவு செய்யுங்கள். அம்மிச் சத்தம், தறி, பஸ் ஸ்டாண்டில் ஊர் பேர் கூவும் குரல், இவற்றுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆள் குரல் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் இதையெல்லாம் யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மின்னிசைக் கூடத்தை நிறுவ உதவினார். மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் மூக் சிந்தசைசரும் நாடா இயந்திரங்களும் அங்கே இருந்தன. இசைக் கலைஞர் கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கே வேலை செய்தார்கள். அந்த ஸ்பூல் நாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்து, சமீப ஆண்டுகளில்தான் வெளியே வந்தன. கேட்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

முதல் லூப்புக்கு என்ன சத்தம் நல்லது?

நீளமாக ஒரே சீராக ஒலிப்பது. சுருதிப்பெட்டி, மிக்ஸியின் தூரத்துச் சத்தம், கோயில் மணியின் கார்வை. இவற்றில் ஒட்டுப் போட்ட இடம் காதுக்குத் தெரியாது, அதனால் தைரியம் வரும். அடுத்து, 'டங்' என்று ஆரம்பம் உள்ள சத்தம். அதை ஒட்டுக்குச் சரியாக ஒரு விரல் அகலம் தள்ளி விழும்படி பதிவு செய்யுங்கள். ஒட்டின் மங்கல் ஒரு மூச்சு விடுவது போலவும், மணி அதற்குப் பதில் சொல்வது போலவும் கேட்கும்.

செய்து முடித்த லூப்களை எப்படிப் பாதுகாப்பது?

ஒவ்வொன்றையும் அதனதன் கேசட் ஓட்டுக்குள்ளேயே விட்டுவிடுங்கள், வெளியே எடுத்துத் தொங்கவிட்டால் மடிப்பு விழும். ஸ்பீக்கர் மேலும் டிவி பக்கத்திலும் வைக்கக் கூடாது, காந்தம் இருக்கிறது. லேபிளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன சத்தம், எத்தனை நொடி, பதிவு செய்தபோது வேகக் குமிழ் எந்த நிலையில் இருந்தது. மூன்றாவதை எழுத மறந்துதான் என்னிடம் நாற்பது கேசட்டுகள் எந்தச் சுருதி என்றே தெரியாமல் இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு இரண்டாக ஓடவிட்டுக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.